‘போர்மட்’ என்னும் மூடநம்பிக்கை

கண்டியில் மழைக்காலம் தொடங்கிவிட்டால் பொதுச் சுகாதாரப் பரிசோதகர்கள் வீடு வீடாக ஏறி இறங்குவார்கள். பூச்சாடித் தட்டு, தேங்காய்ச் சிரட்டை, கூரைப் பீலி, பழைய டயர் என்று ஒன்றையும் விடமாட்டார்கள். நுளம்புக் குடம்பி அகப்பட்டால் வீட்டுக்காரர் நீதிமன்றப் படியேற வேண்டியதுதான். 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டம் இதற்கென்றே இயற்றப்பட்டது. அதே 2007இல் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டமும் நிறைவேறியது. பிறர் கணினிக்குள் கேடு விளைவிக்கும் நிரலை அதிகாரமின்றிப் புகுத்துவது அதன்படி குற்றமாகும்.

முதலாவது சட்டம் நுளம்பு பெருக இடங்கொடுத்தவரைக் கேள்வி கேட்கிறது. இரண்டாவது சட்டம் நச்சுநிரலை ஏவியவனைத் தேடுகிறது. ஏவியவன் எந்த நாட்டில் எந்த அறையில் இருக்கிறானோ, யார் கண்டார்? ஆனால் வைரஸ் நம் வீட்டுக் கணினியில் ஆண்டுக்கணக்கில் குடியிருக்க வழிவிட்டது யார் என்ற கேள்வியை மட்டும் நாம் கேட்பதேயில்லை. நான் கேட்கப்போவது அந்தக் கேள்வியைத்தான்.

கண்டியிலும் கட்டுகஸ்தோட்டையிலும் பேராதனையிலும் கணினி பழுதுபார்க்கும் கடைகளுக்குக் குறைவில்லை. எந்த நோயோடு போனாலும் அங்கே கிடைப்பது ஒரே தீர்ப்பு: “போர்மட் அடிக்க வேண்டும்.” வைரஸின் பெயர் என்ன, எந்த வழியாக வந்தது, உள்ளே என்னென்ன கோப்புகள் இருக்கின்றன என்று விசாரிப்பவர் அரிது. தலைவலி என்று போனவரின் தலையையே எடுத்துவிட்டு, ‘இனி வலிக்காது’ என்று ஆறுதல் சொல்லும் வைத்தியம் இது.

என் வீட்டுக் கணினிக்கும் இந்த வைத்தியம் மூன்று முறை நடந்தது. கடையின் பெயர் இங்கே வேண்டாம். மூன்று முறையும் கட்டணம் வாங்கினார்கள். மூன்று முறையும் ஒரு வாரத்துக்குள் அதே வைரஸ் திரும்பி வந்தது. “இது பிடிவாதமான வைரஸ், சேர்” என்றார் கடைக்காரத் தம்பி. வைரஸுக்குப் பிடிவாதம் ஏது? அது வகுக்கப்பட்ட வேலையைச் செய்கிறது. பிடிவாதமெல்லாம் நம்முடைய பழக்கத்துக்குத்தான்.

நடப்பதைச் சற்று விளக்குகிறேன். கடைகளில் ‘போர்மட்’ என்று சொல்லி அழிப்பது பெரும்பாலும் சி டிரைவை மட்டுமே. பாடல்களும் படங்களும் மென்பொருள் நிறுவும் கோப்புகளும் கிடக்கும் டி டிரைவ் அப்படியே இருக்கும். 2003இலிருந்து அறியப்பட்ட ‘சாலிட்டி’ போன்ற வைரஸ் இயங்குகோப்புகளுக்குள்ளேயே தன்னை ஒட்டிக்கொள்ளும் தன்மையுடையது. புதிய விண்டோஸை நிறுவிய கையோடு டி டிரைவிலுள்ள பழைய நிறுவற்கோப்பு ஒன்றைச் சொடுக்கினால் போதும், போனவர் திரும்பி வந்துவிடுவார். 2005இல் இந்தோனேசியாவிலிருந்து புறப்பட்ட ‘புரொன்டொக்’ இன்னும் சாமர்த்தியசாலி. மறைந்த கோப்புகளைக் காட்டும் தெரிவையே மெனுவிலிருந்து நீக்கிவிடும். தன்னைக் களையும் கருவிகளைத் திறக்கப் பார்த்தால் கணினியையே மீளத் தொடக்கிவிடும்.

அடுத்து, பென் டிரைவ். மாணவன் ஒருவன் ஒப்படையை அச்செடுக்கக் கொமியூனிகேஷன் கடைக்குப் போகிறான். அங்குள்ள கணினியில் நாள் முழுதும் எத்தனையோ பேருடைய பென் டிரைவுகள் ஏறி இறங்கியிருக்கும். அவன் வீடு திரும்பும்போது ஒப்படையோடு வேறொன்றும் கூடவே வருகிறது. பென் டிரைவைச் செருகியதுமே தானாக இயங்கும் வசதியைத்தான் இந்த வைரஸ்கள் வாசலாகக் கொண்டன. எக்ஸ்பி, விஸ்டா கணினிகளில் அவ்வாசலை அடைக்கும் இற்றைப்படுத்தலை மைக்ரோசொப்ட் 2011 பெப்ரவரியில் பரவலாக அனுப்பியது. ஆனால் நம்மில் எத்தனை பேருக்கு அது வந்து சேர்ந்தது?

வந்து சேராததற்குக் காரணம் உண்டு. நம் வீடுகளில் ஓடியது சில நூறு ரூபாய்க்கு வாங்கிய திருட்டு வட்டு. இற்றைப்படுத்தலை அனுமதித்தால் ‘இது அசல் அல்ல’ என்று திரை கறுத்துவிடும் என அஞ்சி, கடைக்காரரே அதை நிறுத்திவைத்துக் கொடுப்பார். 2011இல் இலங்கையில் உரிமமின்றிப் பயன்படுத்தப்பட்ட மென்பொருளின் வீதம் 84 என்று பிஎஸ்ஏ என்ற மென்பொருள் நிறுவனங்களின் கூட்டமைப்பு கணக்கிட்டது. அவர்களின் கணக்கைக் கொஞ்சம் குறைத்தே எடுத்துக்கொண்டாலும் தலைகுனிய அது போதும். 2008 நவம்பரில் உலகை ஆட்டிய ‘கொன்பிக்கர்’ பயன்படுத்திய ஓட்டையை அடைக்கும் மருந்து அதற்கு முந்திய மாதமே வெளிவந்துவிட்டது. 2017 மே மாதம் ‘வானாக்ரை’ வந்தபோதும் மருந்து மார்ச்சிலேயே தயார். நோய்க்கு முன்னரே மருந்து வந்தும் வாங்கி உண்ணாத நோயாளிகளாகவே உலகில் இலட்சக்கணக்கானோர் இருந்தார்கள். அவர்களுள் நாமும் அடக்கம்.

‘ஏழை நாடு, அசல் வாங்கக் காசு ஏது?’ என்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் காசில்லாதவருக்கென்றே லினக்ஸும் லிப்ரே ஒபிஸும் இலவசமாக, சட்டபூர்வமாகக் கிடைக்கின்றன. தமிழில் கட்டுரை எழுதவும் மின்னஞ்சல் பார்க்கவும் அவை தாராளமாகப் போதும். திருட்டு வட்டோடு வரும் பூட்டுடைக்கும் சிறுநிரலுக்குள் என்ன ஒளிந்திருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. இலவசமாக வந்த கள்ளச்சாவியைக் கையில் வைத்துக்கொண்டு, ‘வீட்டுக்குள் கள்ளன் எப்படி வந்தான்?’ என்று வியப்பதில் பொருளில்லை.

அரசு நமக்கு முன்மாதிரியா என்றால் அதுவுமில்லை. 2023 ஆகஸ்டில் இலங்கை அரசின் மின்னஞ்சல் கட்டமைப்பைக் கப்பம் கோரும் நச்சுநிரல் தாக்கியது. ஏறத்தாழ 5,000 முகவரிகள் பாதிக்கப்பட்டன. மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையான மூன்று மாதத்துக்கும் மேற்பட்ட காலத்து அஞ்சல்களுக்குக் காப்புப் பிரதி இருக்கவில்லை. இயங்கிக்கொண்டிருந்ததோ 2013ஆம் ஆண்டுப் பதிப்பு மென்பொருள்; அதற்கான ஆதரவு அவ்வாண்டு ஏப்ரலிலேயே முடிந்திருந்தது. புதுப்பிக்க நினைத்தும் நிதி இல்லாமல் தாமதமாயிற்று என்றது தகவல் தொடர்பாடல் தொழில்நுட்ப முகவரகம். நம் வீட்டுச் சாட்டும் அரசாங்கச் சாட்டும் எவ்வளவு ஒற்றுமை பாருங்கள்!

இவ்வளவு கடுமையாக நான் எழுதுவதற்கு இயந்திரம் காரணமல்ல. இயந்திரத்தை மாற்றிக்கொள்ளலாம். அதற்குள் இருந்தவற்றை மாற்றிக்கொள்ள முடியாது. மலையகத்துத் தோட்டமொன்றின் சங்கக் கூட்டக் குறிப்புகள், பேராதனைப் பல்கலைக்கழக மாணவியின் பாதி எழுதிய ஆய்வேடு, இந்தியாவிலிருந்து வந்த பாட்டனாரைப் பற்றிப் பேரன் தட்டெழுதிவைத்த நான்கு பக்கங்கள், இறந்துபோன தாயின் குரற்பதிவு... இவையெல்லாம் ஒரே சொடுக்கில் போகின்றன. 1981இல் யாழ்ப்பாண நூலகத்தில் ஏறத்தாழ 97,000 நூல்கள் எரிக்கப்பட்டதை இன்றுவரை நெஞ்சு கொதிக்கப் பேசுகிற நாம், நமது கையால் நமது ஏடுகளை அழிக்கச் சம்மதித்து அதற்குக் கட்டணமும் செலுத்துகிறோம். அது வன்முறை, இது அறியாமை. இரண்டும் ஒன்றல்ல என்பதை அறிவேன். ஆயினும் இழந்த ஏடு இழந்த ஏடுதான்.

இன்னொரு கொடுமையும் உண்டு. போர்மட் செய்தபின் பாமினி எழுத்துரு கணினியில் இராது. தப்பிப்பிழைத்த தமிழ்க் கோப்பைத் திறந்தால் பொருளற்ற ஆங்கில எழுத்துகள் வரிசைகட்டி நிற்கும். “வைரஸ் தின்றுவிட்டது” என்று அதையும் அழித்துவிடுகிறார்கள். ஐயா, அம்மா, தயவுசெய்து அழிக்காதீர்கள். எழுத்துருவை மீண்டும் நிறுவினால் அல்லது ‘பொங்குதமிழ்’ போன்ற மாற்றியில் இட்டு ஒருங்குறிக்கு மாற்றினால் உங்கள் தமிழ் உயிரோடு எழுந்து வரும்.

ஆகவே, அடுத்த முறை கடைப்படி ஏறும்போது சிலவற்றை வற்புறுத்துங்கள். கோப்புகளை வேறிடத்தில் பிரதியெடுக்காமல் எதையும் அழிக்க விடாதீர்கள். விண்டோஸ் எழுவதற்கு முன்பே சோதிக்கும் வசதி விண்டோஸ் 10 முதல் டிபெண்டரிலேயே உண்டு. முதலில் அதை ஓட்டச் சொல்லுங்கள். டி டிரைவையும் பென் டிரைவுகளையும் சேர்த்தே சோதிக்கச் சொல்லுங்கள். அத்தனைக்குப் பிறகும் வழியில்லையென்றால் மட்டுமே போர்மட். அதன்பின் போடுவது அசலாகவோ இலவசமானதாகவோ இருக்கட்டும். விண்டோஸ் 10க்கான வழக்கமான இலவச ஆதரவும் 2025 ஒக்டோபர் 14உடன் முடிந்துவிட்டது என்பதை நினைவிற் கொள்ளுங்கள். முக்கியமான கோப்புகளுக்கு இரண்டு பிரதிகளாவது இருக்கட்டும்; அவற்றுள் ஒன்று கணினியோடு இணைக்கப்படாமல் அலுமாரியில் இருக்கட்டும்.

பழுதுபார்க்கும் தம்பிமாருக்கும் ஒரு வார்த்தை. கிறுக்கலாகவேனும் பற்றுச்சீட்டில் எழுதுங்கள்: எந்த வைரஸ், எதை அழித்தோம், எதைக் காப்பாற்றினோம். மூன்றே வரி. அதை எழுத மறுக்கும் கடைக்கு நான் இனிப் போவதில்லை. நீங்களும் போகாதீர்கள்.