உறக்கமும் உள்ளமும்

உடல் நோயுற்றால் மருத்துவரை நாடுகின்றோம். உள்ளம் நோயுற்றால் அதனை மறைக்க முயல்கின்றோம். மறைக்க இயலாதவிடத்து, "தீய பழக்கத்தால் கெட்டான்" என ஒரு சொல்லில் தீர்ப்புக் கூறி அகல்கின்றோம். இத்தீர்ப்பிற் பாதி உண்மையே. மற்றைப் பாதியை ஆராய்தலே ஈண்டு எம் கருத்து.

ஆரணியாற்றங்கரைப் பொன்னேரி, வயலையே நம்பி வாழ்ந்த ஊர். இன்று அதன் வடக்கே கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையும், தெற்கே அத்திப்பட்டு முதல் எண்ணூர் வரை அனல்மின் நிலையங்களும் துறைமுகங்களும் இரவு பகலாய் இயங்குகின்றன. வயல் வேலைக்குச் சூரியனே கடிகாரம். ஆலை வேலைக்கோ 'ஷிப்டு' என்பதே கடிகாரம். விடியற்காலையில் பொன்னேரி ரயில் நிலையத்தில் நிற்பார்க்கு, வேலைக்குச் செல்வோரும் இரவெல்லாம் விழித்து மீள்வோருமாகிய இரு கூட்டத்தார் புலப்படுவர். நம் மாணவர் அவ்விரு கூட்டத்தாரோடும் ஒரே வண்டியில் அமர்கின்றனர். நாளை அவருட் பலர் அக்கூட்டத்திற் சேரவும் கூடும்.

இரவு முறை முடித்தோன் வீடு சேருங்கால் ஊர் விழித்துவிடுகின்றது. கூரையின் வெப்பமும் தெருவின் ஓசையும் அவனை நான்கு மணி நேரங்கூட உறங்க விடுவதில்லை. நம் உடலின் உயிரணுக்களில் ஏறக்குறைய 24 மணிச் சுற்றுடைய ஒரு கடிகாரம் உளது. அஃது இயங்கும் முறையைக் கண்ட ஹால், ராஸ்பாஷ், யங் என்னும் அமெரிக்க அறிஞர் மூவர் 2017-ஆம் ஆண்டில் நோபெல் பரிசு பெற்றனர். பகலொளியே அக்கடிகாரத்தைத் திருத்தி வைப்பது. ஒளியில் உறங்கி இருளில் விழிப்போனுக்குச் சூரியன் ஒரு நேரத்தையும் ஆலை பிறிதொரு நேரத்தையும் காட்டுகின்றன. வயது வந்தோர்க்கு வேண்டிய ஏழு மணி உறக்கம் நாடோறும் குறையுமாயின், சிறு சொல்லும் பெருஞ்சினம் மூட்டும், கவலை பெருகும், ஊக்கம் குன்றும்.

பழக்கங்கள் இவ்விடத்தே வந்து பற்றுகின்றன. விழித்திருக்கத் தேநீர், அதனால் ஓடிய உறக்கத்தை அழைக்க மது. மதுவோ முதலில் கண்ணை மூடுவித்துப் பின்னர் உறக்கத்தைத் துண்டாடுவது. புகைப்போன் தன் மனக்கலக்கம் சிகரெட்டால் தணிகின்றது என்பான்; முன் புகைத்ததன் வேகம் குறைந்தமையால் எழுந்த கலக்கமே அது என அறியான்.

பழக்கம் உள்ளத்தைக் கெடுத்தல் போலவே, நொந்த உள்ளமும் பழக்கத்தைக் கெடுக்கும். சோர்வுற்றோன் சமைத்துண்ணான்; உலாவான்; நண்பரை நாடான். இதில் எது முன், எது பின் எனப் பல வேளை அறிதற்கரிது. ஆயினும் ஒருபுறம் அவிழ்த்தால் முடிச்சு நெகிழும். ஆஸ்திரேலியாவில் மனச்சோர்வுற்ற 67 பேரைக்கொண்டு நிகழ்த்தி 2017-இல் வெளியிடப்பெற்ற ஆராய்ச்சியில், 12 வாரம் உணவைத் திருத்திக்கொண்டோருள் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கினர் தேறினர். உரையாடற்றுணை மட்டும் பெற்றோருள் தேறியவர் நூற்றுக்கு எண்மரே. தொகை சிறிதாயினும் வழி புலப்படுகின்றது.

அற்றாயின், எல்லாம் தனிமனிதன் மனவுறுதியிலேயே உளவோ? அன்று என்பதே எம் துணிபு. 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் வாரத்திற்கு 48 மணி என வேலைக்கு எல்லை வகுத்தது. 2023 ஏப்ரலில், நாளொன்றுக்குப் 12 மணி வேலைக்கு இடந்தரும் மசோதா தமிழகச் சட்டசபையில் நிறைவேறியது. எதிர்ப்பு எழவே, மே தினத்தன்று அது திரும்பப் பெறப்படுவதாக அறிவிக்கப்பட்டது. வேலை நேரம் நீளுமிடத்து முதலிற் குறைவது உறக்கமே. அதனைப் பறித்துக்கொண்டு நல்லொழுக்கத்தை மட்டும் போதிப்பது, கிணற்றைத் தூர்த்துவிட்டுத் தாகம் கூடாதென்பதை ஒக்கும்.

ஆதலின், ஆலைகளில் மேற்பார்வை செய்யும் நம் பழைய மாணவர்க்கு ஒரு வேண்டுகோள்: முறைகளைக் காலை, மாலை, இரவு என்னும் வரிசையில் மாற்றுக, தொடர் இரவுகளைக் குறைக்க. இல்லத்தார், பகலில் உறங்குவோனைச் சோம்பன் என்னற்க; சன்னலை மறைத்து ஓசையைத் தணிக்க. உழைப்போர், பின்னிரவில் தேநீரைத் தவிர்க்க.

2015-16-இல் பெங்களூர் நிம்ஹான்ஸ் நிறுவனம் நிகழ்த்திய நாடளாவிய ஆய்வு, வயது வந்தோருள் நூற்றுக்கு ஏறத்தாழப் பதினொருவர் மனநோய்க்கு ஆளாகியிருந்தமையையும், அவருட் பெரும்பாலோர் சிகிச்சை பெறாமையையும் காட்டிற்று. 2022-இல் அரசு தொடங்கிய டெலி-மானஸ் என்னும் உதவியை 14416 என்னும் எண்ணில் எந்நேரமும் கட்டணமின்றிப் பெறலாம்.

அன்பர்காள்! நாளைக் காலை வண்டியில் தூங்கி நம் தோளிற் சாய்வோனைத் தட்டி எழுப்பாதிருப்போமாக. அவன் இறங்குமிடத்தை மட்டும் கேட்டு வைத்துக்கொள்வோமாக.