காயும் அன்று, பூவும் அன்று

நாட்டு மருந்துக் கடையில் மாசிக்காய் என்று கேட்டால், கரடுமுரடான சிறு உருண்டைகளைத் தருவர். உண்மையில் அது காய் அன்று. மேற்கு ஆசியாவில் வளரும் ஒருவகை ஓக் மரத்தின் மொட்டில் சிறு குளவியொன்று முட்டையிட, அதனின்று தோன்றும் புழுவைச் சுற்றி அம்மரமே வளர்த்துத் தரும் கழலை அது. கடுக்காய்ப்பூ என்பதும் பூவன்று. கடுக்காய் மரத்தின் இலையில் பூச்சியால் உண்டாகும் புடைப்பேயாகும்.

இப்பெயர்களை மாற்ற வேண்டுமென்பது என் கருத்தன்று. துளையில்லாத, கனமான, நிறம் கறுத்த மாசிக்காயே உயர்ந்தது என்பதை வணிகர் நெடுங்காலமாக அறிவர். துளையிருந்தால் குளவி வெளியேறிவிட்டது என்று பொருள். ஆகவே கழலையைப் பகுத்தறியும் அறிவு நம் மக்களுக்குப் புதிதன்று. அவ்வறிவைத் தோட்டத்திற்கும் கொண்டு சேர்ப்பதே இன்றைய தேவை.

கழலையைக் கண்டால் மூன்று வினாக்களை எழுப்புதல் வேண்டும். எம்மரம்? எவ்வுறுப்பு? அறுத்துப் பார்த்தால் உள்ளே யாது? முதல் வினாவிலேயே பலர் இடறுவர். நீலகிரித் தேயிலைத் தோட்டங்களில் நிற்கும் சில்வர் ஓக், பெயரளவில்தான் ஓக். அது ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த வேறு குடும்பத்து மரம். புங்க இலையின் சிறு கொப்புளங்களை ஆக்குவது கண்ணுக்குப் புலப்படாத சிலந்திப்பேன். நெற்பயிரில் ஆனைக்கொம்பனை உண்டாக்குவது ஒருவகை ஈ. கல்யாண முருங்கையின் இலையும் காம்பும் தடித்துச் சுருளுமாயின், குளவி மீது ஐயம் கொள்ளலாம். அறுத்தால் சிற்றறைகளில் புழுக்கள் காணப்படும். பூச்சிக்குரிய மருந்து பல வேளைகளில் சிலந்திப்பேனைக் கொல்லாது. ஆதலின் ஆக்கியவர் யாரென்று அறியாமல் மருந்து தெளிப்பது பணத்தை மண்ணில் கொட்டுவதாகும்.

இக்கல்யாண முருங்கைக் குளவியின் நீளம் ஏறத்தாழ ஒன்றரை மில்லிமீட்டரே. விஞ்ஞானிகள் இதற்குப் பெயரிட்டது 2004-இல். கேரளத்தில் இது காணப்பட்ட செய்தி 2006-இல் வெளியாயிற்று. 2005-இல் ஹவாய்த் தீவுகளை அடைந்து, அங்குள்ள விலிவிலி மரங்களைப் பெருமளவில் அழித்தது. பின்னர் 2008-இல், ஆப்பிரிக்காவிலிருந்து அதன் இயற்கைப் பகைவனான மற்றொரு குளவியைக் கொணர்ந்து விட்ட பின்னரே நிலைமை சீர்ப்படத் தொடங்கிற்று.

தீவில் வாழ்வோர் இதனை மனத்திற்கொள்ள வேண்டும். சிப்பிகாட் போன்ற இடங்களில் மிளகு முதலிய நறுமணப் பயிர்கள் வளர்கின்றன. மிளகுக் கொடி படர்வதற்குக் கல்யாண முருங்கைப் போத்துகளை நடுவது தென்னாட்டு வழக்கம். ஒரு போத்து கப்பலேறும்போது, அதன் தளிரிலுள்ள புழுவும் உடன் ஏறக்கூடும். கடல் நமக்கு அரண். அவ்வரணை நாமே திறந்துவிடலாகாது.

இலத்தீன் பெயர் இருக்கத் தமிழ் விளக்கம் எதற்கு என்று சிலர் வினவுவர். ஆராய்ச்சியாளருக்கு அப்பெயர் இன்றியமையாதது. ஆயினும் போத்தைக் கையில் ஏந்தி நிற்பவர் தோட்டக்காரரே. அவருக்கு விளங்கும் சொற்களில், படத்துடன், மரம், உறுப்பு, ஆக்கும் உயிர் என்ற வரிசையில் குறிப்புகள் அச்சிடப்பெறுதல் வேண்டும். காய் என்றும் பூ என்றும் வழங்கும் பழம்பெயர்களும் அவற்றில் இடம்பெறட்டும். அவற்றின் அருகே உண்மையும் நிற்கட்டும்.