543 பானைக்கு ஒரு சோறா?

கருத்துக்கணிப்பைச் சந்தேகித்தால் உடனே வருகிற பதில் இது: "ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம். லட்சக்கணக்கான பேரைக் கேட்டுச் சொல்கிறார்கள், பொய்யாகுமா?" படித்தவர்கள்கூட இதை நம்புகிறார்கள். அந்தப் பழமொழி அடுப்பங்கரைக்குப் பொருந்தும். நம் தேர்தலுக்குப் பொருந்தாது.

2024 ஜூன் 1 மாலை, மக்களவைத் தேர்தலின் கடைசிக் கட்ட வாக்குப்பதிவு முடிந்த கையோடு, தேசிய ஜனநாயகக் கூட்டணிக்கு 350 இடங்களுக்கு மேல் என்றன பெரும்பாலான தொலைக்காட்சிகள். சில 400 வரை போயின. 4ஆம் தேதி எண்ணிப் பார்த்தால் 293. பா.ஜ.க.வுக்கு 240, தனிப் பெரும்பான்மை இல்லை. இடையில் 3ஆம் தேதி சென்செக்ஸ் சுமார் 2,500 புள்ளிகள் ஏறியது, மறுநாள் 4,000 புள்ளிகளுக்கு மேல் சரிந்தது. கணிப்பை நம்பி அந்த ஒரு நாளில் பங்கு வாங்கிய சிறு சேமிப்பாளருக்கு யார் பதில் சொன்னார்கள்?

நிறையப் பேரைக் கேட்டால் உண்மை கிடைத்துவிடும் என்பது முதல் மயக்கம். 1936 அமெரிக்க அதிபர் தேர்தலில் 'லிட்டரரி டைஜஸ்ட்' பத்திரிகை சுமார் 1 கோடிப் பேருக்கு மாதிரி வாக்குச்சீட்டு அனுப்பியது. 20 லட்சத்துக்கும் மேல் திரும்பி வந்தன. வேட்பாளர் லாண்டன் வெல்வார் என்று அறிவித்தது. அவரை எதிர்த்து நின்ற ரூஸ்வெல்ட் 48 மாநிலங்களில் 46ஐ வென்றார். பொருளாதாரம் நொடித்துக் கிடந்த காலத்தில் தொலைபேசியும் காரும் வைத்திருந்தவர்களின் பட்டியல்களிலிருந்து பெயர் எடுத்ததும், பதில் போட மெனக்கெட்டவர்களை மட்டும் எண்ணியதும்தான் கோளாறு. பல மடங்கு சிறிய மாதிரியை வைத்து கருத்துக்கணிப்பாளர் ஜார்ஜ் காலப் சரியாகச் சொன்னார். பானையைக் கிளறாமல் மேலாக எத்தனை கரண்டி அள்ளினாலும் அடியில் தீய்ந்தது தெரியாது.

சரி, நன்றாகக் கிளறியே எடுக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். முறையாகச் செய்த கணிப்பு வாக்கு சதவீதத்தை இரண்டு மூன்று புள்ளிக்குள் சொல்லும். அந்த உழைப்பை நான் மதிக்கிறேன். ஆனால் நம் தேர்தலை முடிவு செய்வது மொத்த சதவீதம் அல்ல. தனித்தனியாக வேகும் 543 தொகுதிகள், 543 பானைகள். 2019இல் பா.ஜ.க. சுமார் 37.4 சதவீத வாக்கில் 303 இடங்கள் பெற்றது. 2024இல் சுமார் 36.6 சதவீதத்தில் 240. ஒரு புள்ளிகூடக் குறையவில்லை, 63 இடங்கள் போயின. தமிழ்நாட்டில் 2014 மக்களவைத் தேர்தலில் 23 சதவீதத்துக்கு மேல் வாக்கு வாங்கிய தி.மு.க.வுக்கு ஓர் இடமும் இல்லை. 2016 சட்டமன்றத் தேர்தலில் தி.மு.க. வரும் என்றன பெரும்பாலான கணிப்புகள். அ.தி.மு.க. 134, தி.மு.க. கூட்டணி 98. இரு தரப்புக்கும் வாக்கு வித்தியாசம் ஏறத்தாழ ஒரு சதவீதம். மூன்று புள்ளி பிசகக்கூடிய அளவுகோலால் ஒரு புள்ளி வித்தியாசத்தை அளந்து, அதை இடக்கணக்காக மாற்றிச் சொன்னால் அது அளவீடு அல்ல, ஊகம். அந்த ஊகத்தை அளவீடு என்று விற்பதைத்தான் கண்டிக்கிறேன்.

வாக்காளரின் வாயையும் நினைக்க வேண்டும். முன்பின் தெரியாத ஒருவர் வாசலில் நின்று "யாருக்குப் போட்டீங்க?" என்று கேட்டால், ரேஷனுக்கும் நூறு நாள் வேலைக்கும் உள்ளூர் ஆட்களை அண்டி வாழும் பெண் என்ன சொல்வார்? ஊரில் எந்தக் கட்சியின் கை ஓங்கியிருக்கிறதோ அதன் பெயரைச் சொல்லுவார், அல்லது சிரித்துவிட்டுப் போவார். அது அவருடைய உரிமை. ரகசிய வாக்கின் காவல் சாவடி மறைப்போடு முடிந்துவிடுவதில்லை.

கணிப்பைத் தடை செய்யச் சொல்லவில்லை. வாக்கு சதவீதத்தையும் பிழை எல்லையையும் முதலில் சொல்லுங்கள். யாரை, எந்த ஊர்களில், எப்படிக் கேட்டீர்கள், எத்தனை பேர் பதில் சொல்ல மறுத்தார்கள், செலவு யாருடையது என்பதை வெளியிடுங்கள். சதவீதத்தை இடமாக மாற்றிய கணக்கைத் திறந்து காட்டுங்கள். காட்ட மறுக்கும் எண்ணை எந்த ஆசிரியரும் தலைப்பில் போடக் கூடாது. நாமும் அதை நம்பிப் பங்கும் வாங்கக் கூடாது, வாக்கும் மாற்றக் கூடாது.