வீடு இல்லாதவர்களுக்கு வீடு... கையில் பணம் இருந்தால்!

"வாடகை கொடுக்கிற காசுக்கு அவுசிங் போர்டு வீடு வாங்கிடலாமே" என்று சுலபமாகச் சொல்கிறவர்கள், அதற்கான விண்ணப்பத்தை ஒருமுறை முழுசாகப் படித்துப் பார்க்கலாம்.

1970-ல் குடிசை மாற்று வாரியமாக ஆரம்பித்து, 2021-ல் தமிழ்நாடு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று பெயர் மாறிய வாரியம்தான் இந்த வீடுகளைக் கட்டுகிறது. (பெயர் நீண்டிருக்கிறது, மக்கள் வாயில் இன்னும் போர்டுதான்!) மத்திய அரசு 2015-ல் கொண்டுவந்த 'அனைவருக்கும் வீடு' திட்டத்தின்படி குடும்பத்தின் ஆண்டு வருமானம் 3 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். நாட்டில் எங்கேயும் கணவன், மனைவி, திருமணமாகாத பிள்ளைகள் பெயரில் கான்கிரீட் வீடு இருக்கக் கூடாது. வீடு பெண்ணின் பெயரில், அல்லது கூட்டாகப் பதிவாகும். இதெல்லாம் நல்ல விதிகள்தான், குறை சொல்ல ஒன்றுமில்லை.

சிக்கல் இதற்குப் பிறகுதான். நாலு வீட்டில் பாத்திரம் தேய்க்கும் ஒரு பெண்ணிடம் சம்பளச் சீட்டு ஏது? வருமானச் சான்றுக்கு இ-சேவை மையத்தில் பதிய வேண்டும். அது வி.ஏ.ஓ., ஆர்.ஐ. என்று நகர்ந்து தாசில்தாரிடம் போகும். நடுவில் ஒரு நாள் கூப்பிட்டால் அன்றைய வேலை போச்சு. ரேஷன் கார்டு மாமியார் வீட்டு முகவரியில் இருக்கும். இப்போது இருக்கும் வீட்டின் ஓனரோ வாடகை ஒப்பந்தம் எழுதித் தர மாட்டார். ஏழை என்று நிரூபிக்கவே ஒரு வசதி வேண்டியிருக்கிறது.

சரி, சான்றுகள் எல்லாம் கிடைத்தாயிற்று என்றே வைத்துக்கொள்வோம். 2015 திட்டத்தில் மத்திய அரசு ஒரு வீட்டுக்குத் தந்தது ஒன்றரை லட்சம். மீதியில் மாநில அரசின் பங்கு போக, பயனாளியும் ஒரு பங்கு கட்ட வேண்டும். அந்தப் பங்கு இடத்துக்கு இடம் மாறும். கணக்குக்கு ஒன்றரை லட்சம் என்று எடுத்துக்கொள்ளுங்கள். மாதம் ஆயிரம் ரூபாய் மிச்சம் பிடித்தால் சேர்வதற்குப் பன்னிரண்டரை வருடம் ஆகும். வங்கிக்குப் போனால் மறுபடியும் சம்பளச் சீட்டு! கடைசியில் தெருவில் மூன்று வட்டிக்கு வாங்கினால் மாதம் 4,500 ரூபாய் வட்டி மட்டுமே போகும், அசல் அப்படியே நிற்கும். இதற்கு வாடகை வீடே தேவலை.

அதே தொகையை வாரியமே பத்து வருடத் தவணையாக வட்டியில்லாமல் வாங்கிக்கொண்டால் மாதம் 1,250 ரூபாய்தான். அரசுக்கு வட்டி நஷ்டம் என்பார்கள். உண்மைதான். ஆனால் அந்த வட்டியையும் மானியத்தில் சேர்த்துக் கணக்குப் போட்டால் என்ன? ஒரு வீட்டுக்கு லட்சக்கணக்கில் மானியம் தந்துவிட்டு, கடைசிப் படியில் வட்டிக்காரரிடம் அனுப்புவது எந்த அக்கவுண்டன்சியில் சேரும்?

"சும்மா கொடுத்தால் வித்துட்டுப் போயிடுவாங்க, அதனால்தான் பங்குத்தொகை" என்று ஒரு வாதம் உண்டு. கைமாறும் வீடுகள் இருக்கின்றன, மறுப்பதற்கில்லை. ஆனால் நகரத்துக்குள் வேலை பார்த்தவர்களைக் கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் அனுப்பினால் பஸ்ஸிலேயே பாதி நாள் போய்விடுகிறது. பங்குத்தொகை கட்டிவிட்டதால் பஸ் சீக்கிரம் வந்துவிடுமா என்ன? கடன் வாங்கிக் கட்டியவருக்கு, கடனை அடைப்பதற்காகவே வீட்டைக் கைமாற்றிவிட வேண்டிய நெருக்கடி இன்னும் அதிகம்.

2024-ல் திட்டத்தின் இரண்டாம் கட்டமும் வந்துவிட்டது. வருமான வரம்பு அதே 3 லட்சம்தான். பங்குத்தொகையைத் தவணையில் கட்ட விருப்பமா என்று விண்ணப்பத்தில் ஒரு கட்டம் சேர்ப்பதற்குப் புதிய சட்டமெல்லாம் தேவையில்லை.