தை பிறக்கும் முன்னே கிளம்பிவிடுகிறார்கள்

"டிக்கெட் போட்டாச்சும்மா. பதினெட்டாம் தேதி வர்றோம், முப்பதாம் தேதி கிளம்புறோம்."

சிங்கப்பூரிலிருந்து மகன் இப்படிச் சொன்னது அக்டோபர் மாதத்தில். போனை வைத்துவிட்டு நேராகப் போய்ச் சுவரில் தொங்கும் காலண்டரைப் பார்த்தேன். டிசம்பர் முப்பது என்றால் மார்கழி பாதி. தை பிறக்க இன்னும் பதினைந்து நாள் கிடக்கும்போது என் பிள்ளை விமானம் ஏறிவிடுவான். போன வருஷமும் இப்படித்தான், அதற்கு முந்தின வருஷமும் இப்படித்தான். "ஒரு வருஷம் பொங்கலுக்கு வாய்யா" என்று கேட்டுக் கேட்டு எனக்கு வாய் வலித்துவிட்டது.

அவன் சொல்லும் காரணத்தில் குற்றம் சொல்ல முடியாது. சிங்கப்பூர்ப் பள்ளிகளில் நவம்பர் பாதிக்கு மேல் தொடங்கும் நீண்ட விடுமுறை டிசம்பர் 31-ஓடு முடிகிறது. ஜனவரி பிறந்ததும் புது வகுப்பு. அங்கே தீபாவளிக்கு அரசு விடுமுறை உண்டு, பொங்கலுக்குக் கிடையாது. "ஸ்கூல் தொறந்து பத்து நாளுல எப்படிம்மா லீவு கேக்குறது?" என்கிறான். சென்னையில் இருக்கும் மகளுக்கோ பிள்ளைகளின் அரையாண்டு லீவு கிறிஸ்துமஸை ஒட்டி வருகிறது. பொங்கலுக்கும் பள்ளி விடுமுறைதான், ஆனால் அது அவள் மாமியார் வீட்டுக்கு உரிய நாள். நானும் கல்யாணமான வருஷத்திலிருந்து என் மாமியார் வீட்டில்தானே பொங்கல் வைத்தேன், அவளை மட்டும் எப்படிக் குறை சொல்வது? ஆக, அண்ணனும் தங்கையும் ஒரே கூரைக்குக் கீழே இருப்பது டிசம்பர் 25 முதல் 29 வரை. வருஷத்தில் அந்த ஐந்தே நாள்.

"ஒனக்கென்னத்தா கொறை? பேரன் பேத்தியோட வீடு நெறஞ்சு கெடக்கு" என்கிறார்கள் அக்கம்பக்கத்தில். நிறைந்துதான் கிடந்தது. வருவதே பெரிது என்று நினைத்து வாயை மூடிக்கொள்ளத்தான் பல வருஷம் பார்த்தேன். முடியவில்லை. அவர்கள் வருகிற காலம் எங்கள் ஊர் எதையும் எடுத்துக் கொடுக்க முடியாத காலம்.

அறந்தாங்கிக்குத் தெற்கே எங்கள் ஊர். கல்லணைக் கால்வாயின் கடைமடை. மேட்டூர் ஜூனில் திறந்தாலும் தண்ணீர் எல்லா ஊரையும் பார்த்துவிட்டு எங்களிடம் கடைசியாகத்தான் வரும். அதனால் விதைப்பும் பிந்தும், அறுப்பும் பிந்தும். டிசம்பர் கடைசியில் சம்பா அப்போதுதான் கதிர் தள்ளி நிற்கும். இந்த முறை சின்னப் பேரன், ஏழு வயசு, தாத்தா கூட வயலுக்குப் போனவன் ஒரு கதிரைக் கிள்ளி வந்து நெல்லை நகத்தால் பிதுக்கினான். வெள்ளையாகப் பால் வந்தது. "அரிசி எங்க அப்பத்தா?" என்றான். "இன்னும் ஆகலடா தங்கம், ஒரு மாசம் பொறுத்துக்க" என்றேன். சொன்ன பிறகுதான் நெஞ்சில் உறைத்தது. ஒரு மாசத்தில் அவன் எங்கே, இந்த வயல் எங்கே?

நெல் மட்டுமா? பனங்கிழங்கு மண்ணுக்குள் இருக்கிறது, தையில்தான் தோண்டுவோம். மஞ்சள் கொத்து இன்னும் தோட்டத்தில். சேனையை எடுக்கவில்லை. கரும்பு கடைத்தெருவுக்கே வரவில்லை. மழையும் விட்டபாடில்லை. முற்றம் சேறு. பத்துப் பேர் துணி மூன்று நாளாகியும் காயாமல் கூடத்துக்குள் கயிறு கட்டித் தொங்குகிறது. விடிகாலையில் பத்துப் பேருக்கு வெந்நீர், பொழுது சாய்ந்ததும் கொசுவுக்குப் பயந்து சாத்திய கதவு. உள்ளே ஆளுக்கொரு மூலையில் செல்போன். பிள்ளைகளை நான் திட்டவில்லை. மழைக்கும் சேற்றுக்கும் நடுவே அடைத்து வைத்துவிட்டுப் போனைப் பார்க்காதே என்றால் அவர்கள்தான் என்ன செய்வார்கள்? தை மாதத்தில் இதே பிள்ளைகள் வீட்டுக்குள் இருப்பார்களா? களத்திலும் தொழுவத்திலும்தானே கிடப்பார்கள்!

பெரிய பேரனுக்கு ஜல்லிக்கட்டு என்றால் உயிர். எல்லாம் யூடியூபில் பார்த்ததுதான். வரும்போதெல்லாம் "அப்பத்தா, இந்தத் தடவையாச்சும் காளை பாக்கலாமா?" என்பான். நம் புதுக்கோட்டை மாவட்டத்துத் தச்சங்குறிச்சியில்தான் பெரும்பாலும் தமிழ்நாட்டின் முதல் வாடிவாசல் திறக்கிறது. அதுவும் ஜனவரி பிறந்த பிறகு. அங்கே காளை இறங்கும்போது இவன் சீருடை மாட்டிக்கொண்டு வகுப்பில் உட்கார்ந்திருப்பான். காளைக்குப் பேர்போன மாவட்டத்துப் பிள்ளை இதுவரை ஒரு காளை சீறிப் பாய்வதை நேரில் பார்த்ததில்லை.

இதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். மகள் வயிற்றுப் பேத்திக்குக் காதுகுத்து நின்றுபோனதை என்னால் பொறுக்க முடியவில்லை. தாய்மாமன் மடியில் உட்கார வைத்து, குலசாமி கோயிலில் மொட்டை போட்டுக் காது குத்துவது எங்கள் வழக்கம். தாய்மாமன் சிங்கப்பூரில். அவன் வருவதோ மார்கழியில், மார்கழியில் நல்ல காரியம் செய்வதில்லை. மூன்று டிசம்பர் போனது. நான்காம் வருஷம் பள்ளியில் சேர்க்கும் முன்பு சென்னையில் ஒரு நகைக்கடையில் வைத்து ஒரு நிமிஷத்தில் குத்திவிட்டார்கள். மகள் போட்டோ அனுப்பினாள். பிள்ளை கடை நாற்காலியில் உட்கார்ந்து அழுதுகொண்டிருக்கிறது. மாமன் மடி இல்லை. அந்தப் போட்டோவைத் திரும்ப எடுத்துப் பார்க்க எனக்கு இன்றுவரை மனம் வரவில்லை.

என் வீட்டுக்காரர் இதையெல்லாம் வாய் திறந்து சொல்ல மாட்டார். அதற்கு ஒரு காரணம் இருக்கிறது.

அவர் அரசு பஸ் டிரைவராக இருந்தவர். முப்பத்து மூன்று வருஷம். பொங்கல் வந்தால் ஊருக்கெல்லாம் லீவு, டிரைவருக்கு லீவு கிடையாது. சிறப்புப் பேருந்து என்று போகிக்கு முன்பே சென்னைக்குப் போய்விடுவார். முந்தின வருஷங்களில் பாரிமுனை, பிந்தின வருஷங்களில் கோயம்பேடு. அங்கே குழந்தை குட்டியோடு, பை மூட்டையோடு முட்டி மோதி நிற்கும் சனத்தை ஏற்றிக்கொண்டு ராத்திரி முழுக்க ஓட்டி வருவார். இறக்கிவிட்ட கையோடு திரும்பவும் சென்னை. காணும் பொங்கல் முடிந்ததும் அதே சனத்தைக் கொண்டுபோய் விட வேண்டும். அத்தனை குடும்பங்களைப் பொங்கலுக்கு வீடு சேர்த்த மனுஷன் தன் வீட்டு முற்றத்தில் பொங்கல் பானை பொங்கிப் பார்த்த வருஷங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். நான் பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளர். எனக்குப் பள்ளி லீவு உண்டு. இரண்டு பிள்ளைகளையும் வைத்துக்கொண்டு நானே அடுப்புக்கட்டி கூட்டி, நானே பொங்கி, நானே குலவை போட்டேன்.

2017-இல் ஓய்வு பெற்று வந்தவர், மாலையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுச் சொன்ன முதல் பேச்சு, "இனிமே எல்லாப் பொங்கலும் நமக்குத்தான்."

அடுத்த வருஷம் நவம்பர் 16-ஆம் தேதி விடியற்காலையில் கஜா புயல் வந்தது. தென்னைகள் வேரோடு சாய்ந்தன. மாட்டுக் கொட்டகைத் தகரம் எங்கே போய் விழுந்தது என்றே தெரியவில்லை. வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. மகன் அவசர லீவு போட்டு ஓடி வந்தான், மகளும் வந்தாள். மகன் போய்விட்டு, வேலை பாக்கி இருக்கிறது என்று தைக்கு மறுபடியும் வந்தான். பெரியவனுக்கு அப்போது நாலு வயசு, பள்ளிக் கவலை இல்லை. 2019 பொங்கல். ஓடு மாற்றாத வீடு, தார்ப்பாய் போட்ட கூடம். தேங்காயை முதன்முதலாகக் கடையில் விலைக்கு வாங்கினோம். ஆனால் எல்லாரும் இருந்தோம். அவர் அடுப்புப் பற்ற வைத்தார். பால் பொங்கியபோது மகனும் மகளும் பேரனும் போட்ட சத்தம் தெருவுக்கே கேட்டது. நாங்கள் எல்லாரும் சேர்ந்து வைத்த பொங்கல் அது ஒன்றுதான். புயல் அடித்தால் லீவு கிடைக்கிறது. பொங்கலுக்குக் கிடைக்கவில்லை. இதை நான் யாரிடம் போய்ச் சொல்ல?

இந்த டிசம்பரில், கிளம்புவதற்கு முதல் நாள் ராத்திரி, மறுபடியும் பேச்சை எடுத்தேன். மகன் சலித்துக்கொண்டு சொன்னான்: "அப்பாவுந்தான் எந்தப் பொங்கலுக்கும் வீட்ல இருந்ததில்ல. நாங்க கேட்டோமாம்மா?"

நோகடிக்க வேண்டும் என்று சொன்னதில்லை. ஆனால் திண்ணையில் அவர் உட்கார்ந்திருந்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. எழுந்து டார்ச் லைட்டை எடுத்துக்கொண்டு மாட்டைப் பார்க்கப் போனார். ரொம்ப நேரம் கழித்துத்தான் வந்தார்.

அன்று எனக்குப் பதில் வரவில்லை. இப்போது சொல்கிறேன். நீ கேட்டாய் ஐயா. ஏழு வயசில், பானைக்குப் பக்கத்தில் கரும்பைப் பிடித்துக்கொண்டு நின்று, "அப்பா எப்ப வருவாரு?" என்று கேட்டாய். ஒரு வருஷம் இல்லை, எல்லா வருஷமும் கேட்டாய். நான்தான் அதை அவரிடம் சொல்லவில்லை. ராத்திரியெல்லாம் அறுபது உயிரைச் சுமந்து ஓட்டுகிற மனுஷன் மனசில் அதைப் போட்டுவிடக் கூடாது என்று எனக்குள்ளேயே வைத்துக்கொண்டேன். அவருக்கு அந்த நாளை எடுத்துக்கொள்ளும் உரிமை அன்றைக்கு இல்லை. உனக்கு இருக்கிறது.

சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவில் தெரு முழுக்க விளக்குப் போட்டு, மாடுகளைக் கொண்டுவந்து கட்டிப் பிள்ளைகளுக்குக் காட்டுகிறார்கள் என்று போன வருஷம் வீடியோ அனுப்பினாய். பேரன் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று மாட்டைப் பார்க்கிறான். ஊரை விட்டுப் போன சனம் பொங்கலை விடவில்லை என்பதில் எனக்குச் சந்தோஷந்தான். ஆனால் நம் தொழுவத்தில் நிற்கும் மாட்டுக்குக் கொம்பில் வர்ணம் அடிக்கக் கையில்லாமல் தாத்தா ஒருவரே அடிக்கிறார்.

வருஷா வருஷம் வரச் சொல்லவில்லை. மூன்று வருஷத்துக்கு ஒரு தரம் வா. பொங்கல் வெள்ளி, சனியை ஒட்டி வரும் வருஷமாகப் பார்த்து வா. பள்ளியில் இரண்டு நாள் லீவு கேட்டுப் பார், கேட்காமலே கிடைக்காது என்று சொல்லாதே. சிங்கப்பூரிலிருந்து திருச்சிக்கு நாலு மணி நேரச் சொச்சம். விமான நிலையமே புதுக்கோட்டை ரோட்டில்தான் இருக்கிறது. அப்பா சென்னையிலிருந்து இங்கே பஸ் ஓட்டி வந்த நேரத்தில் பாதி அது. மகளே, ஒரு வருஷம் அங்கே, ஒரு வருஷம் இங்கே என்று உன் மாமியாரிடம் நானே பேசுகிறேன். சம்பந்தி வீட்டாரும் சேர்ந்தே வரட்டும், இடமா இல்லை? ரயிலுக்கு இப்போது அறுபது நாளுக்கு முன்புதான் முன்பதிவு திறக்கிறது. பொங்கல் டிக்கெட் திறந்த சில நிமிஷத்தில் தீர்ந்துவிடும். நவம்பர் நடுவில், காலை எட்டு மணிக்கு, அந்தச் சில நிமிஷத்தை எங்களுக்குக் கொடுங்கள்.

இருபத்தேழாம் தேதி எல்லாரையும் ஆவுடையார்கோயிலுக்குக் கூட்டிப்போனோம். அங்கே புழுங்கலரிசிச் சாதத்தை வடித்த சூட்டோடு படைகல்லில் கொட்டிப் பரப்புவார்கள். மேலே எழும்பும் ஆவிதான் ஆத்மநாதருக்கு நைவேத்தியம். "சாமி சாப்பிடாதா அம்மாச்சி?" என்று கேட்டாள் பேத்தி. "ஆவிய மட்டும் எடுத்துக்குவாரு" என்றேன். முப்பதாம் தேதி கார் தெருமுனை திரும்பிய பிறகு வீட்டுக்குள் வந்தால், மடிக்காத போர்வைகளில் பிள்ளைகளின் சோப்பு வாசம் மட்டும் இருந்தது. சாமிக்கு ஆவி போதும். எனக்குப் போதவில்லை.

இதோ, இன்னும் நான்கு நாளில் பொங்கல். ஒரு படி அரிசி போடும் பானை பரணிலேயே இருக்கட்டும் என்று என் வீட்டுக்காரர் சொல்லிவிட்டார். எங்கள் இரண்டு பேருக்குச் சின்னப் பானை போதும். காலையில் வயலைப் பார்த்துவிட்டு வந்தவர், சின்னவன் கதிர் கிள்ளிய அதே வரப்போரத்திலிருந்து ஒரு கதிரைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார். பிதுக்கிப் பார்த்தேன். பால் வரவில்லை. உள்ளே இறுகி மணியாகத் தொடங்கிவிட்டது. அரிசி எங்கே என்று கேட்டானே, அவனிடம் காட்டுவதற்கு எடுத்துச் சாமி மாடத்தில் வைத்திருக்கிறேன்.