ஏழு ஆண்டுகள் படித்த வழக்கறிஞர்



சென்ற வாரம் ஒரு தகப்பனார் என் வீட்டு வாசலில் வந்து நின்றார். "வாத்தியாரே, மவன் அஞ்சாம் பாரத்துல கோட்டை விட்டுட்டான். செம்பனைக் குலை வெட்டப் போவட்டும்னு பாக்கிறேன்" என்றார். அவருக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன்.

1940-இல் பினாங்கில் ஒரு சீக்கியக் குடும்பத்தில் பிறந்தவர் கர்ப்பால் சிங். தகப்பனார் பஞ்சாபிலிருந்து பிழைக்க வந்தவர். ஜாகா வேலை பார்த்தார், மாடு மேய்த்தார். மகன் சிங்கப்பூருக்குச் சட்டம் படிக்கப் போனார். உடனே தேறி வந்தாரா? இல்லை. பட்டம் பெற ஏழு ஆண்டுகள் பிடித்தன. 1969-இல்தான் வழக்கறிஞரானார்.

மறு ஆண்டே ஜனநாயக செயல் கட்சியில் சேர்ந்தார். 1974-இல் கெடா சட்டமன்ற உறுப்பினர். 1978-இல் ஜெலுத்தோங் நாடாளுமன்ற உறுப்பினர். அத்தொகுதியில் தொடர்ந்து 5 முறை வென்றார். 'ஜெலுத்தோங் புலி' என்று ஊரே அழைத்தது.

நீதிமன்றத்தில் அவர் பெரும்பாலும் நின்றது தூக்குக் கயிற்றை எதிர்நோக்கியவர்களுக்காக. மரண தண்டனையே கூடாது என்று வாதாடினார். கட்டாய மரண தண்டனை 2023-இல் நம் நாட்டில் நீக்கப்பட்டது. அதைப் பார்க்க அவர் இல்லை.

பிறருக்காக வாதாடியவரையும் சட்டம் விடவில்லை. 1987 அக்டோபரில் விசாரணையின்றி உள்ளே வைத்தார்கள். 1988 மார்ச்சில் ஈப்போ உயர்நீதிமன்றம் விடுதலை செய்தது. அன்றே மீண்டும் கைது! 1989 ஜனவரியில்தான் வீடு திரும்பினார். அவரைப் பிடித்து வைத்த உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டம் 2012-இல் நீக்கப்பட்டது.

1999-இல் தேர்தலில் தோற்றார். 2004-இல் புக்கிட் குளுகோரில் மறுபடி வென்றார். 2005-இல் அவர் சென்ற டாக்சி விபத்துக்குள்ளானது. அதன்பின் வாழ்க்கை சக்கர நாற்காலியில்தான். அதிலேயே நீதிமன்றமும் போனார், நாடாளுமன்றமும் போனார். 2014 ஏப்ரல் 17 அதிகாலை, வழக்குக்காகப் பினாங்கு போகும் வழியில், கம்பார் அருகே சாலை விபத்தில் மாண்டார்.

வாசகர்களே, ஓர் உண்மையை ஒப்புக்கொள்கிறேன். பல ஆண்டுகளுக்கு முன் இதேபோல் வந்த ஒரு தகப்பனாரிடம், "இவனுக்குப் படிப்பு ஏறாது, வேலைக்கு அனுப்பிவிடுங்கள்" என்று சொல்லிவிட்டேன். அந்தப் பையன் மறுநாளே வேலைக்குப் போனான். இன்றும் வழியில் கண்டால் மரியாதையாக வணக்கம் சொல்கிறான். எனக்குத்தான் அவன் முகத்தைப் பார்க்க முடிவதில்லை.

எல்லாப் பிள்ளைகளும் வழக்கறிஞராக வேண்டியதில்லை. ஆனால் ஒரு தேர்வில் தவறியதற்காகப் புத்தகத்தைப் பிடுங்கி அரிவாளைக் கொடுக்காதீர்கள். மறுதேர்வு எழுதட்டும்; ஓராண்டு பிந்தினால் பிந்தட்டும். பரீட்சைக்குப் பணம் கட்டும் நாளை மட்டும் பள்ளியில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அந்த நாள் நமக்காகக் காத்திருக்காது.