உறங்கின காரை எழுப்பும் முன்

பரணில் கிடக்கும் குத்துவிளக்கை இறக்கிப் புளி போட்டுத் தேய்த்தால் அன்று சாயங்காலமே ஏற்றிவிடலாம். ஷெட்டில் வருஷக்கணக்காக நிற்கும் காரை அப்படிச் செய்ய முடியாது. ஆனால் நம் வீட்டு ஆண்பிள்ளைகளுக்கு ஆசை வந்துவிட்டால், புது பேட்டரியைக் கையில் பிடித்துக்கொண்டு அன்றைக்கே சாவியைத் திருகப் பார்ப்பார்கள். அதனால்தான் சகோதரிகளே, இந்தத் தடவை சமையலை விட்டுவிட்டு ஷெட்டுக்குள் நுழைகிறேன்.

எங்களுடையது பிரீமியர் பத்மினி. மாமனார் முன்பணம் கட்டிக் காத்திருந்து 1984-ல் எடுத்தது. 1089 சி.சி. எஞ்சின், ஸ்டீயரிங்குக்குக் கீழேயே கியர். 2009-ல் அவர் காலமான பிறகு சாவி பீரோவுக்குள் போய்விட்டது. மும்பையின் கடைசி பத்மினி டாக்ஸி 2023 அக்டோபரோடு ஓய்வு பெற்றது என்று பேப்பரில் படித்த அன்று, காயலான் கடைக்காரர் வாசலில் வந்து விலை கேட்டார். மாமியாருக்கு முகம் சுருங்கிவிட்டது. "நான் லைசென்ஸ் எடுத்த வண்டிம்மா அது. ஓடினா ஓடட்டும். இல்லேன்னா நான் கண்ணை மூடினப்புறம் எடைக்குப் போடுங்க" என்றார். 76 வயதில் அவர் எங்களிடம் கேட்டது அது ஒன்றுதான்.

என் வீட்டுக்காரரும் கொழுந்தனாரும் 60 ஆயிரம் ஒதுக்கினார்கள். கொழுந்தனார் மகன் கல்யாணத்தில் மாப்பிள்ளை அழைப்புக்கு அந்தக் கார்தான் என்று முடிவும் செய்துவிட்டார்கள். கலியாண வண்டி என்றதும் பேச்சு எங்கே போகும்? பெயின்ட், சீட் கவர், க்ரோமியம் பாலிஷ்! எங்கள் ஊரில் பத்மினி, அம்பாசிடர் எல்லாம் பார்த்த ஒரு வயதான மெக்கானிக் இருக்கிறார். அவர் வந்து ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, "மேலே பூச வேண்டாங்க. உள்ளேருந்து வருவோம்" என்றார்.

முதலில் ஷெட். பானெட்டைத் தூக்கினால் எலி குடும்பமே நடத்தியிருந்தது. துடைப்பத்தை எடுக்காதீர்கள். எலி மூத்திரம் பட்ட இடத்தில் எலிக் காய்ச்சல் கிருமி இருக்கலாம். ரப்பர் கையுறை போட்டு, மூக்கைக் கட்டிக்கொண்டு, ப்ளீச்சிங் தண்ணீர் தெளித்து ஊறவிட்டு, ஈரத்தோடு வழித்து எடுக்க வேண்டும். எலி கடித்த ஒயரை மாற்றாமல் பேட்டரியை இணைத்தால் தீப்பிடிக்கவும் கூடும்.

டாங்கில் பழைய பெட்ரோல் வார்னிஷ் மாதிரி நாறியது. அதை சாக்கடையில் ஊற்றக் கூடாது, அடுப்பு இருக்கிற பக்கமே கொண்டு வரக் கூடாது. மூடி போட்ட தகர டின்னில் பிடித்து மெக்கானிக்கிடமே கொடுத்தனுப்பினோம். அடுத்தது ரப்பர் குழாய்களும் பெட்ரோல் பம்பின் உள்ளே இருக்கும் டயஃப்ரமும். இப்போது பங்க்கில் போடும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலக்கிறார்கள். அந்தக் காலத்து ரப்பர் அதற்காகச் செய்ததில்லை. ஊறி விரிசல் விடும், சூடான எஞ்சின் மேல் பெட்ரோல் சொட்டும். எல்லாவற்றையும் மாற்றச் சொன்னேன். சில சாமான் சென்னை புதுப்பேட்டையிலிருந்து வந்தது.

எஞ்சினை எழுப்பியது அழகான வேலை. நான்கு பிளக்கையும் கழற்றி, ஓட்டை வழியாக ஆளுக்கு ஒரு ஸ்பூன் எண்ணெய் விட்டு, இரண்டு நாள் அப்படியே விட்டார். குழந்தைக்குக் காதில் மருந்து விடுகிற மாதிரிதான்! பிறகு டாப் கியரில் போட்டு, வண்டியை மெள்ள முன்னும் பின்னும் தள்ளினார். பிஸ்டன் நகர்கிறது என்று தெரிந்த பிறகுதான் ஆயிலை மாற்றினார், ரேடியேட்டரைக் கழுவினார், பேட்டரியைத் தொட்டார். மூன்றாவது முயற்சியில் புகையும் சத்தமுமாக எழுந்தது. மாமியார் திண்ணையில் உட்கார்ந்து கையைத் தட்டினார். அதற்கு முன்னாடியே வண்டியை வெளியே தள்ளியிருந்தோம். மூடின ஷெட்டுக்குள் எஞ்சினை ஓட்டினால் கார்பன் மோனாக்சைடு சேரும். வாசனையும் கிடையாது, நிறமும் கிடையாது; ஆளைச் சாய்த்துவிடும்.

எஞ்சின் ஓடியதும் கொழுந்தனார் கோயில் வரை போய்வரக் கிளம்பிவிட்டார். "பிரேக் கெட்டியாத்தானே இருக்கு அண்ணி!" என்று மிதித்துக் காட்டினார். சக்கரத்தைக் கழற்றாமல் வாசல் தாண்டக் கூடாது என்று நான் கேட்டருகே போய் நின்றுகொண்டேன். அவருக்குக் கோபம்தான். கழற்றிப் பார்த்தால் பின்பக்கம் இரண்டு வீல் சிலிண்டரும் துருவேறி, எண்ணெய் கசிந்து லைனிங்கெல்லாம் ஊறியிருந்தது. பிரேக் ஆயில் காற்றிலிருக்கிற ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும், அதுதான் உள்ளே துருவாகிறது. பழைய லைனிங் தூளில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம், நுரையீரலுக்கு ஆகாது; காற்றடித்து ஊதாமல் ஈரத்துணியால் துடைக்கச் சொல்லுங்கள். டயரும் பட்டன் தேயாமல் புதுசு மாதிரி இருந்தது. ஓரத்தில் 0806 என்று நான்கு எண். 2006-ன் எட்டாவது வாரம் செய்தது என்று அர்த்தம். கையால் வளைத்தால் வெடிப்பு வெடிப்பாகத் தெரிந்தது. ஐந்தையும் மாற்றினோம்.

பிரேக், டயர், குழாய் என்று 60 ஆயிரமும் கரைந்து போய்விட்டது. மாப்பிள்ளை வாடகைக் காரில்தான் ஊர்வலம் போனார். கொழுந்தனார் ஒரு வாரம் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

வண்டி ஓடினாலும் ரோட்டில் இறக்கப் பேப்பர் வேண்டுமே. கார் பதிவு 15 வருஷத்துக்குத்தான். அதன் பிறகு ஐந்து ஐந்து வருஷமாக, வண்டியைக் காட்டிப் புதுப்பிக்க வேண்டும். எங்களுடையது 2009-லேயே முடிந்துவிட்டது. 50 வருஷம் தாண்டிய வண்டிகளுக்கு 2021-ல் வின்டேஜ் என்று தனிப் பதிவு கொண்டுவந்தார்கள், நம் பத்மினிக்கு அந்த வயது ஆகவில்லை. மாமனார் பெயரிலிருந்து மாமியார் பெயருக்கு மாற்றவே வாரிசுச் சான்றிதழ், அது இது என்று இரண்டு மாதம் அலைந்தோம். வேலையைத் தொடங்கும் முன்பே ஆர்.சி. புத்தகத்தைத் தேடி வைத்துக்கொள்ளுங்கள்.

எஃப்.சி.யும் இன்ஷூரன்ஸும் கைக்கு வந்துவிட்டன. இப்போது ஞாயிறு காலை கூட்டமில்லாத நேரத்தில் பத்துக் கிலோமீட்டர் ஓட்டுகிறோம். மாமியாரின் லைசென்ஸ் காலாவதியாகி ரொம்ப நாளாச்சு; முன்சீட்டில் உட்கார்ந்து, "ரெண்டாவது கியர் போடுடா" என்று மகனை அதட்டிக்கொண்டு வருகிறார். பெயின்ட் அடுத்த தீபாவளிக்குப் பார்த்துக்கொள்ளலாம்.